நாலே கால் வண்டி

பேச்சிப்பாறை தாண்டியதும்
பேருந்தில் மிச்சமிருந்தது
நாங்கள் இரண்டு பேர்,
ஒரு மூட்டை கோழித்தீவனம்,
அதன்மேல் சாய்ந்து தூங்கிய நடத்துநர்.

"திரும்ப நாலே காலுக்கு. விட்டா நாளைக்குத்தான்"
என்றார், கண்ணைத் திறக்காமல்.
ஆனைக்கல் மேட்டில் எங்களை இறக்கிவிட்டு
வண்டி தன் புகையை எடுத்துக்கொண்டு போனது.
சத்தத்தையும்.

ஜாண்றோஸ் முதலில் செய்தது
கைபேசியைத் தலைக்குமேல் தூக்கியது.
ஒரு கோடுகூட இல்லை.
பாறைமேல் ஏறிப் பார்த்தான்.
குரிசடிப் படியில் ஏறிப் பார்த்தான்.
"சவம், ஒண்ணும் கிட்டல்ல" என்றான்,
கடன் கேட்டுப் போய் வெறுங்கையோடு வந்தவன்போல.

தோஹாவிலிருந்து வந்து பதினேழு நாள்.
இன்னும் பதினொன்று.
போன பதினேழில்
இரண்டு கல்யாணம், ஒரு பால்காய்ச்சு,
மாமிக்குக் கண் ஆப்பரேஷன்,
பத்திர ஆபீசில் மூன்று முழு நாள்.
எங்களுக்கென்று
இந்த ஒரு வியாழக்கிழமை.

ஊர் என்று சொல்ல
பதினாலு ஓட்டு வீடு,
சாலையில் பாதியை மறித்துக் காய்கிற கிராம்பு.
மிதிக்காதே என்பதற்கு
ஒற்றைச் செருப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
ரப்பர் மரங்களில் பால் எடுத்தாயிற்று;
சிரட்டைகள் தலைகீழாய்
யாருக்கும் வேலையில்லை என்பதுபோல்.
ஒரு நாய் எழுந்தது,
குரைக்க வாய் திறந்தது,
என்னத்துக்கு என்று படுத்துக்கொண்டது.

கடையில் மரச்சீனி அவித்திருந்தார்கள்.
காந்தாரி மிளகு எரித்ததில்
கண்ணில் வெள்ளம்.
அதற்குக்கூட அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு வருஷமாய்
இராத்திரி பத்தரைக்கு
நாற்பது நிமிஷம் குறையாமல் பேசியவன்.
பக்கத்துக் கட்டில் பெங்காலியின் குறட்டையை
அப்படியே விட்டுக் காட்டியவன்.
நேரில்
சாப்பிட்டியா, ம்,
வெயிலு கூடுதல் இல்லியா, ம்.
கையிரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல்
சட்டைப்பையில் விடுகிறான், எடுக்கிறான்.

ஓடைக்கரையில் உட்கார்ந்தோம்.
வெள்ளத்தின் சத்தம் மட்டும்.
ஒரு இலை வந்தது. போனது.
அதையே இருவரும் பார்த்தோம்,
தெரிந்த ஆள்போல.

சட்டென்று எழுந்து
செருப்பைக் கழற்றி
அக்கரை போனான்.
பாறைக்குப் பின்னால் திரும்பி நின்று
உயிரில்லாத போனைக் காதில் வைத்தான்.
"ஹலோ."

கொஞ்ச நேரம் பிடித்தது எனக்கு.
பிறகு பையைத் துழாவி
என்னுடையதை எடுத்தேன்.
"யாரு?"
"நாந்தான். ஒறங்கிட்டியா?"
"இல்ல. சொல்லு."

"கம்பெனியில ஆளு கொறச்சினும்.
லிஸ்டில எனக்க பேரு நாலாவது."
"எப்பம்?"
"வாறதுக்கு முன்னயே.
இது லீவு இல்ல, சைனி."

என்னுடைய பதினொன்றை
எந்தப் பக்கமாய் எண்ணுவதென்று தெரியவில்லை.
வீட்டுக்கடன் ஞாபகம் வந்தது,
மகனின் பள்ளிக்கூட வேன் ஞாபகம் வந்தது,
அவற்றுக்கு முன்னால்,
வெட்கமில்லாமல்,
சந்தோஷம் வந்தது.

"ஹலோ? லைனில உண்டா?"
அவன் முதுகு கேட்டது.

"சத்தம் சரியா கேக்கேல்ல" என்றேன்.
"இக்கரைக்கு வந்து சொல்லு."

வந்தான்.
பேன்ட் முட்டுவரை நனைந்து.
சொன்னான், முதலிலிருந்து,
இந்தமுறை கை
என் கையில் இருந்தது.

நாலே கால் வண்டி நாலரைக்கு வந்தது.
கடைக்காரி காகிதத்தில் மடித்துத் தந்த கிராம்பில்
ஆளுக்கொன்று கடித்தோம்.
அணைக்கட்டு வளைவில்
என் மடியிலிருந்த பைக்குள்
இரண்டு போனும் ஒருசேர அதிரத் தொடங்கின.
மாமி. மாமி. தவணை. யாரோ. மாமி.

நாங்கள் எடுக்கவில்லை.
நாக்கு மரத்துப்போயிருந்தது
என்று வைத்துக்கொள்ளலாம்.