நான்காவது முடிச்சு

பூகம்பம் வந்து பதினோரு மாதம்.
புவெப்லா மலைச்சரிவில் இந்தக் கோயிலுக்கு
மணிக்கூண்டு இல்லை. மணி மட்டும்
முற்றத்தில், நான்கு லாரி டயர்கள்மேல்.
விளிம்புக்கும் ரப்பருக்கும் நடுவே புகுந்து
ஒரு கோழி முட்டையிடுகிறது.

கோட்டைபோல் பல்வரிசை மதில்.
கூரையின் கல்விலாக்களில் இரண்டு முறிந்து
ஆகாயம் நேராகப் பலிபீடத்தைப் பார்க்கிறது.
மக்காச்சோளத் தட்டையின் சோற்றால் செய்த இயேசுவை
அன்றே இரண்டு பெண்கள் தூக்கிப்போனார்களாம்.
எடையே இல்லை என்றார்கள்.

வடக்குச் சுவர் தோலுரிந்திருந்தது.
பதினேழு வெள்ளையடிப்பு; எண்ணினேன்.
கொள்ளைநோய் ஆண்டின் பூச்சு சற்றுத் தடிமன்.
எல்லாவற்றுக்கும் அடியில்
கயிறு.

பிரான்சிஸ்கன் துறவிகள் இடையில் கட்டுவது.
சுவர் நெடுக ஓடி, வாசல் வளைவைச் சுற்றி,
நிலையோரம் தரைவரை இறங்குகிறது,
மூன்று மூன்று முடிச்சாக.
ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல்.

கப்பலில் வந்த படத்தில் கறுப்புக் கோடுதான் இருந்திருக்கும்.
சிவப்பு இந்த ஊருடையது:
சப்பாத்திக்கள்ளியில் வெண்பஞ்சு போர்த்திய பூச்சி,
நகத்தில் நசுக்கினால் கசியும்.
அதே கள்ளியின் கொழகொழச் சாற்றைச்
சுண்ணாம்பில் குழைத்து ஊசியில் ஏற்றி
உப்பிய காரைக்குப் பின்னே செலுத்துகிறேன்.
பிறகு உள்ளங்கையால் அழுத்தியபடி
ஒரு செபமாலை நேரம் நிற்கிறேன். செபிப்பதில்லை.

செவ்வாயன்று, நிலையோரத்தில்,
மூன்றாவதற்குக் கீழே இன்னொன்று.
அதே இறுக்கம். நிழலும் சரியாக விழுகிறது.
கை தவறியவன் நிழல் தீட்டுவானா?

மேற்பார்வையாளர் அர்ரியாகா அளந்தார், படமெடுத்தார்.
"மற்ற இடத்தில் மூன்றுதான். மங்கலாக்கிவிடு.
பார்ப்பவர் குழம்புவர்."

வேலையற்ற மணியடிப்பவர் எவோதியோ தெகுவாபச்சோ
அன்றைய முட்டைகளைத் தொப்பியில் ஏந்தி வந்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
"சாமியார் கயிறில்லை இது. மணிக்கயிறு.
கடைசியில் ஒன்று போடாவிட்டால்
மழைநாளில் கை வழுக்கும்."

தொப்பியை என்னிடம் தந்துவிட்டுக்
காற்றில் கையை மூடினார்.
முடிச்சின் உயரத்தில் நின்றது முட்டி.
ஒரு இழுப்பு இழுத்தார்,
முழு உடம்பும் தொங்க.
வெளியே கோழி மட்டும் கேறியது.

எனக்குத் தெரியாது.
துறவிகளுக்கு அது தெரிந்திருந்ததா,
தெரிந்தும் வெள்ளையடித்தார்களா,
வரைந்தவன் விடியலில் எத்தனை நாள்
அந்த மணிக்கு எழுந்தான்...

படிவத்தில் "பிழைகள்" என்றொரு கட்டம்.
காலியாக இருக்கிறது.
சுண்ணாம்பு காயட்டும் என்று
தலைநகருக்குச் சொல்லியிருக்கிறேன்.
அது காய்ந்து நாலு நாளாகிறது.