இரண்டு மில்லிமீட்டர்

வண்டிக்கு அடியில் ஓர் அட்டை விரித்திருக்கிறேன்,
வாஷிங்மெஷின் வந்த பெட்டியின் ஒரு பக்கம்.
காலையில் புதுச் சொட்டைச் சுற்றிப்
பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதுவேன்.
அக்டோபரில் பட்டாணி அளவு.
டிசம்பரில் வட்டங்கள் ஒன்றையொன்று தின்றுவிட்டன.
ஜனவரியில் எழுத இடமில்லை.

"கொஞ்சம் கசியும்" என்று சொல்லித்தான்
ஒத்தாவியோ விற்றான்.
எழுபத்து நாலாம் வருடத்து ஆல்ஃபா.
பத்திரத்தில் சிவப்பு.
நேரில், நீர் விட்ட தக்காளிச் சாறு.

குடியிருப்பு நிர்வாகி மூன்று கடிதம் போட்டுவிட்டாள்.
முதலில் 'கறை'.
பிறகு 'மாசு'.
மூன்றாவதில் 'சட்டம்'.
த்ரியெஸ்தே துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
முப்பது டன் பெட்டியைத்
தட்டில் கோப்பை வைப்பதுபோல் இறக்குகிறவள் நான்.
ஒரு சொட்டை நிறுத்தத் தெரியவில்லை.

போரா காற்று மலையிலிருந்து இறங்கிய சனிக்கிழமை
கிரேன்களைக் கட்டிப்போட்டார்கள்.
எனக்கு விடுப்பு.
பக்கத்து ஷெட் போயான்
ஜாக்கியோடும் ஒரு பிளாஸ்க் காபியோடும் வந்தான்.
ஷட்டர் தகரம் இரண்டு நாளும் தடதடத்தது.

ஒரு ரப்பர் வளையம், பதினெட்டு யூரோ.
அதைத் தொடப் பாதி வண்டியைக் கழற்ற வேண்டும்:
சைலன்ஸர் குழாய், நீண்ட ஷாஃப்ட், கியர்பாக்ஸ்,
(அது என் நெஞ்சின் மேல் இறங்கி ஒரு நிமிடம் படுத்திருந்தது)
கிளட்ச், ஃப்ளைவீல்.
ஒரே ஒரு போல்ட் மட்டும் அசையவில்லை.
போயான் ஸ்லோவேனியத்தில் திட்டினான்,
நான் எங்கள் ஊர்ப் பேச்சில் திட்டினேன்,
அதற்கு இரண்டும் புரியவில்லை.
நெருப்புக் காட்டியதும் புரிந்தது.

பழைய சீலில் இரண்டு ஸ்க்ரூவை முறுக்கி
குறடால் இழுத்தேன்.
கடைவாய்ப் பல் மாதிரி வந்தது.
ரப்பர் என்று சொல்ல முடியாது அதை;
வளைத்தேன், பிஸ்கட்டாக உடைந்தது.
அது இருந்த இடத்தின் ஓரத்தில்
யாரோ அவசரமாக அப்பிய பசை,
பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
பெரிய கை அவனுக்கு.
சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கும்.

கிராங்க் முனையைத் துடைத்தோம். பளபளத்தது.
புது சீலைக் கையில் எடுத்தேன்.
"பொறு" என்றான் போயான்.
என் விரலைப் பிடித்து இரும்பின் மேல் ஓட்டினான்.
நகம் ஓரிடத்தில் தடுக்கி நின்றது.
ஒரு பள்ளம். மயிரிழை. முழு வட்டம்.

காதுமடல் போல மெத்தென்ற உதடு அது,
ஐம்பது வருடம் உரசி
இரும்பை அறுத்திருக்கிறது.
எறும்பு ஊரக் கல் தேயும், கேட்டிருக்கிறேன்.
ஆனாலும்
தேய்ந்தது ரப்பர் மட்டும் என்றல்லவா
இத்தனை நாள் அதையே வைதேன்.

அதே இடத்தில் வைத்தால் அதே பள்ளத்தில் கசியும்.
"முழுக்க அடிக்காதே,
இரண்டு மில்லி வெளியே நிற்கட்டும்,
உதடு புது இரும்பைத் தொடட்டும்."

விளிம்பில் எண்ணெய் தடவி,
பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வைத்து,
சின்னச் சுத்தியலால்
மேலே ஒன்று, கீழே ஒன்று, இடம், வலம்.
அளவுகோல் சொன்னது:
இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டேகால்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
கப்பல் தளத்துக்கு ஒரு சாண் மேலே
பெட்டி தொங்கும்போது பிடிப்பதுபோல்.
ஒரு தட்டு.
இரண்டு.

ஞாயிறு நள்ளிரவில் எஞ்சின் இருமி, எழுந்தது.
திங்கட்கிழமை ஒப்பிச்சினா ஏற்றம்வரை ஓட்டினேன்.
புது அட்டை. சுத்தம்.
செவ்வாய், சுத்தம்.
போயானுக்கு ஒரு புட்டி வாங்கி வைத்தேன்.

புதன் காலை காற்று விழுந்துவிட்டது.
கிரேனை அவிழ்க்கிறோம், வா என்று போன்.
தபால்பெட்டியில் நான்காம் கடிதம், பிரிக்கவில்லை.
குனிந்து பார்த்தேன்:
அட்டையில் ஒரு சொட்டு.
பழைய இடத்தில் அல்ல,
ஒன்றரை முழம் முன்னால்.
"முன்பக்க சீல்" என்றான் போயான்
புட்டியைத் திறந்துகொண்டே.

பென்சில் எடுத்து வட்டம் போட்டேன்.
பட்டாணியைவிடச் சின்னது.
தேதி எழுதினேன்.