நடக்காதவை

சோஹாரில் ஜூன்.
இரவு பதினொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி வியர்க்கிறது.
உப்பு நீக்கும் நிலையத்தின் இரண்டாம் மாடியில்
எக்செல் தாளைத் திறந்து வைத்து
ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நிலையம் எதிர்பாராமல் நின்ற மணிநேரங்களின் கோடு.
பதினான்கு மாதமாகப் படுத்தே கிடக்கிறது.
அதைப் படுக்க வைக்கத்தான்
நாங்கள் முறைபோட்டு விழித்திருந்தோம்.
இப்போது அதைக் காட்டியே கேட்கிறார்கள்:
எதுவும் நிற்கவில்லையே,
இரவுக்கு எதற்கு நான்கு ஃபிட்டர்கள்?

இரண்டு பேர் போதும் என்று
கணக்குப் பிரிவிலிருந்து ரோவீனா எழுதியிருக்கிறாள்,
கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையோடு.
அவள் மேல் தப்பில்லை.
கிரீஸ் வாங்கினால் அவளுக்கு ஒரு ரசீது போகிறது.
சீல் வாங்கினால் இன்னொன்று.
பிய்யாத சீலுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

முதலில் என் பாஷையிலேயே எழுதினேன்.
அதிர்வு வினாடிக்கு ஏழு புள்ளி ஒன்று மில்லிமீட்டர்.
ஒரு பம்புக்கு இரண்டு பழுதுகளுக்கிடையே
நாற்பத்தொரு நாள் என்றிருந்தது இப்போது நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
திட்டமிட்ட வேலை எண்பத்தெட்டு சதவீதம்.
படித்துப் பார்த்தால்
யாருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டோ போலிருந்தது.
ஹைதம் அல் ஷிஸாவி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?
அவருக்கு மேலே மஸ்கட்டில் ஒருவர்,
அவருக்கும் மேலே ஒரு வங்கி.
படி ஏற ஏற இயந்திரச் சத்தம் தேய்ந்து
உச்சியில் ரியால் மட்டும்தான் காதில் விழும்.

அழித்தேன்.
மார்ச் ஒன்பது, அதிகாலை இரண்டு பத்து
என்று தொடங்கினேன்.
கடல்வாய் வலையில் ஜெல்லி மீன்கள் அப்பிக்கொண்ட இரவு.
மாற்றுப் பம்பின் மோட்டார் துபாய்க்குப் போயிருந்தது, ரீவைண்டிங்குக்கு.
மரியதுரை
ஸ்க்ரூடிரைவர் நுனியை பேரிங் கூட்டில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துச் சொன்னார்,
"அரிசி களையிற சத்தம் வருது சார்."
மூன்று மணி நேரம் நிறுத்தி மாற்றினோம்.
செலவு நானூற்றுப் பன்னிரண்டு ரியால்.
மாற்றாமலிருந்தால் தண்டு வளைந்திருக்கும்.
முப்பத்தொரு மணி நேரம் நின்றிருக்கும்.
ஊர்த்தொட்டியில் இருப்பு இருபது மணி நேரத்துக்கு.
மிச்சப் பதினொரு மணி நேரத்தில்
வெற்றுக் குழாயைத் திருகும் கைகளை
எந்த அலகில் எழுத என்று தெரியவில்லை.
ஒப்பந்தத்தில் அபராதம் இருந்தது, அதைப் போட்டேன்:
ஐம்பத்தெட்டாயிரம்.
அந்தப் பத்திக்குத் தலைப்பு, நடக்காதவை.

மறுநாள் கூட்டத்துக்கு ஒரே பக்கம்.
ஹைதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இந்த ஐம்பத்தெட்டாயிரம் நிச்சயமா?"
இல்லை என்றேன்.
நடந்திருந்தால்தான் நிச்சயம்.
ரோவீனா பேனாவை மூடினாள்.
ஏசி சீராக ஓடிக்கொண்டிருந்தது,
அதையும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்.
"டிசம்பர் வரை நால்வரும் இருக்கட்டும்.
மாதாமாதம் இப்படி ஒரு பக்கம் அனுப்பு."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் படியிறங்கினேன்.
பாதிப் படியில் உறைத்தது.
டிசம்பர் வரை ஒன்றும் உடையாமல் காப்பாற்றினால்
கோடு இன்னும் சுகமாகப் படுத்துக்கொள்ளும்.
இதே கேள்வி இதே மேசைக்கு வரும்.
சின்னதாக ஏதாவது ஒன்றை
உடைய விட்டுப் பார்க்கலாமா என்று
ஒரு படி, ஒரே ஒரு படி இறங்கும் நேரம்
நினைத்தேன்.

மாலை ஆறரைக்குப் பம்ப் அறையில் மரியதுரை,
கூட்டம் நடந்ததே தெரியாமல்,
காதில் ஸ்க்ரூடிரைவரோடு.
"ரெண்டாம் நம்பர் லேசா முனகுது சார்.
இன்னைக்கே பிரிச்சிரலாமா?"

பிரிச்சிருங்க.
எப்படி முனகுதுன்னு சொல்லுங்க, எழுதிக்கணும்.

கண்ணை மூடி இன்னொரு தரம் கேட்டார்.
"பல்வலிக்காரன் தூக்கத்துல முனகுவான்ல, அப்படி."

எழுதிக்கொண்டேன்,
ரியாலில் அது எவ்வளவு என்று தெரியாமல்.