பின் இடது கதவு

போனட் முடிந்தது.
மெஷினை மல்லாத்தி, மெதுவான சுற்றில் விட்டு,
பஞ்சின் முகத்தில் பிரஷைப் பிடிக்கிறேன்.
வெள்ளைத் தூள் எழும்பி
கண்ணிமையில் குந்துகிறது,
அரிதட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் மாதிரி.
மாங்குளத்து மத்தியானக் காற்று
மிச்சத்தை றோட்டுப் பக்கம் கொண்டுபோகிறது.

இரண்டடிக்கு இரண்டடி.
கடலை அளவில் நாலு சொட்டுப் பொலிஷ்.
குறுக்கே நாலு தரம், நெடுக்கே நாலு தரம்,
பிறகு பஞ்சைத் துப்புரவாக்க வேண்டும்.
ஆக்காமல் அடுத்த துண்டுக்குப் போனால்
தின்ற பெயின்ற் பஞ்சுக்குள்ளேயே இறுகி,
சூடேறி,
அழித்த கீறலை அதுவே திரும்ப எழுதும்.
அது வெயிலில்தான் தெரியும்.
ஷெட்டுக்குள் எல்லாக் காரும் வடிவு.

மரியசீலன் அண்ணைக்கு இது மினைக்கேடு.
"ஒரு காருக்கு எத்தினை தரமடா?
கரண்ட் பில் நீயோ கட்டுறாய்?"
எங்களிடம் பதினொரு பஞ்சு.
மூன்று விளிம்பு கிழிந்தது. ஒன்றை எலி தின்றது.

கறுப்பு அலியன். குகதாசனுடையது.
நாலு மணிக்கு ஓமந்தையிலிருந்து
வாங்க ஆள் வருகிறது.
"கொம்பனிப் பெயின்ற்," என்கிறார்,
நான் கேட்காமலே, மூன்றாம் தரம்.
"ஒரு கை படேல்லை."

முன் கதவு: பஞ்சில் வெள்ளை.
மட்காட்: வெள்ளை.
டிக்கி: வெள்ளை, கொஞ்சம் கிறவல் சிவப்பு.
அது காரின் குற்றமில்லை, எங்கள் ஒழுங்கைகள்.
பின் இடது கதவு:
பஞ்சு கறுத்தது.

கறுப்புக் காரில் கறுப்பு வந்தால் என்ன என்பீர்கள்.
கொம்பனிக் காரில் நிறத்துக்கு மேலே
கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு.
பஞ்சு கடிப்பது அதைத்தான்,
நிறத்துக்குப் பல் எட்டாது.
இந்தக் கதவில் அந்தப் பூச்சு இல்லை.
யாரோ, ஏதோ ஒரு ஷெட்டில், ஒரு பின்னேரம்,
டின் பெயின்ற் அடித்து மூடியிருக்கிறார்கள்.
எதை என்று எனக்குத் தெரியாது.
பஞ்சுக்கும் தெரியாது.
அதற்கு நிறம் மட்டும்தான் தெரியும்.

குகதாசன் பார்த்தார்.
நான் பார்த்ததையும் பார்த்தார்.
"தம்பி, உதைக் கழுவி வையன்," என்றார்.
குரலில், தேத்தண்ணிக்குக் காசு தரப்போகிறவரின் சீனி.

வாளியில் சன்லைட் நுரை காத்திருந்தது.
பிரஷ் கைக்கெட்டும் தூரம்.
ஏழு வருசத்தில் நான் கழுவாமல் விட்ட பஞ்சு இல்லை.
கதவை முடித்தேன்.
நன்றாகவே முடித்தேன், என் மூக்கு தெரியும்வரை.
பஞ்சைக் கழற்றி
முகம் மேலே இருக்க ஸ்டூலில் வைத்தேன்,
வெள்ளைப் பஞ்சுக்குப் பக்கத்தில்.
வேறொன்றும் செய்யவில்லை.

யசோதினி ரீச்சர் நாலே காலுக்கு வந்தா.
ரயர் பார்த்தா. மீற்றர் பார்த்தா.
இருக்க இடம் தேடி ஸ்டூலடிக்கு வந்தா.
விரலால் தொட்டா. விரல் கறுத்தது.
மற்றதையும் தொட்டா.
இரண்டு விரலையும் வெயிலில் பிடித்து,
பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தா.
"இது எந்தப் பக்கம்?"

ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது.
கேட்கவில்லை என்று நின்றிருக்கலாம்.
கையைக் காட்டினேன்.

அறுபதாயிரம் குறைந்தது.
வாங்கத்தான் வாங்கினா.
"கதவு திறந்து பூட்டுதுதானே," என்றா.
தேத்தண்ணிக் காசு வரவில்லை.
மரியசீலன் அண்ணை நாளைவரை கதைக்க மாட்டார்.

இப்போது கழுவுகிறேன்.
முறுக்கக் கூடாது, முறுக்கினால் ஒட்டு விட்டுவிடும்.
இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து
அமத்த வேண்டும்.
முதல் தண்ணி மை.
இரண்டாவது புகை.
மூன்றாவதில் வாளியின் அடி தெரிகிறது,
அடியில் என் கை.
நாலாம் தரமும் அமத்துகிறேன்.
இன்னும் கொஞ்சம் வருகிறது.