மூன்றாம் எண் கூண்டு ஏறிய அன்று

சந்தியாகு கொடுத்தனுப்பிய காபிப் பாத்திரத்துக்கு
எட்டுப் பட்டை, சிறுத்த இடுப்பு.
ஜெனோவாவில் கப்பல் நின்ற மூன்று நாளில்
வாங்கியதாம்.
கையில் எடுத்தால் கனமே இல்லை.
அப்போதே எனக்குச் சந்தேகம்.

பிரிட்ஜ் கதவிலிருந்த மாதா காந்தத்தைப் பிடுங்கி
அடியில் வைத்தேன்.
பக்கத்தில் வைத்தேன். மூடியில் வைத்தேன்.
ஒவ்வொரு தடவையும் மாதா
என் உள்ளங்கையிலேயே வந்து விழுந்தாள்.

அலுமினியம்.
வீட்டில் இருப்பதோ இண்டக்‌ஷன் அடுப்பு.
சிலிண்டர் வண்டி பாலம் தாண்டி வந்து
பதினோரு நாள் ஆகிறது.

ஆனாலும் வைத்துப் பார்த்தேன்.
மூன்று தரம் கத்திவிட்டு
ஏதோ ஒரு பூஜ்யத்தைக் காட்டி
அணைந்தது அடுப்பு.
இரும்பைத் தவிர எதையும்
அது பாத்திரமென்று ஒத்துக்கொள்வதில்லை.

காந்தத்தைப் பர்ஸில் போட்டுக்கொண்டு
ராமநாதபுரம் போனேன்.
அரண்மனை வீதிப் பாத்திரக்கடையில்
ஏதோ ரிசார்ட்டுக்கு வரவழைத்து மிஞ்சியவை இரண்டு.
"சுத்த ஸ்டீலுக்கா" என்று நீட்டிய பளபளப்பில்
காந்தம் வழுக்கியது.
தூசி படிந்த மற்றதில் டக்கென்று பிடித்தது.
அடியை விரலால் அளந்தேன்: நாலு விரல்.
அவ்வளவு சின்ன அடியை
என் அடுப்பு ஏறெடுத்தும் பார்க்காது.
விலையைச் சொன்னார்.
நானும் பார்க்கவில்லை.

உச்சிப்புளி வரை கோபம்.
மண்டபம் வரை தூக்கம்.
வீட்டுக்கு வந்து பர்ஸை உதறியதில்
மாதா பறந்து போய்
தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்டாள்.
பிய்த்தெடுக்க நகம் வேண்டியிருந்தது.

கல்லை அடுப்பில் வைத்தேன், கல்லின்மேல் பாத்திரத்தை.
அடுப்பு கத்தவில்லை.

அப்புறம் கற்றுக்கொண்டதெல்லாம்
கெட்டுக் கெட்டுத்தான்.
குழாய்த் தண்ணீர் ஊற்றினேன்,
காபி கரித்தது, வால்வில் வெள்ளை பூத்தது.
இப்போது கேன் தண்ணீர்தான்,
வால்வுக்கு ஒரு நூல் கீழே.
தூள் சிக்கரி இல்லாமல்,
ரவையைவிடச் சன்னமாக, மாவாகிவிடாமல்.
பில்டரில் அமுக்கிப் பழகிய கட்டைவிரல்
இங்கேயும் அமுக்கத்தான் போகும்,
தட்டிவிட வேண்டும்.
அவசரப்பட்டு சூட்டை ஏற்றினால்
ரப்பர் எரிந்த கசப்பு.
முதல் நாள் நான் விசிலுக்குக் காத்திருந்தேன்.
இது விசிலடிக்காது.
தொண்டையைச் செருமும், அவ்வளவுதான்.
செருமியதும் இறக்கிவிட வேண்டும்.

கல்லில் ஒட்டிய வெங்காய வாசம் போக
இரண்டு நாள் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.
முழுக்கப் போகவில்லை.

சந்தியாகு போனில் கேட்டார், "வேலை செய்யுதா?"
"செய்யுது" என்றேன்.
கல்லைப் பற்றிச் சொல்லவில்லை.

கூண்டு ஏறிய அன்று
படகெல்லாம் நங்கூரத்தில் கிடந்து முட்டிக்கொண்டிருந்தன.
வாடை ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது.
போனுக்குச் சார்ஜ் போட வந்த ஜெனோபியா
வயரைப் பிரித்துக்கொண்டே,
"என்ன சொம்பு அது? தோசை சுடுறியா, மருந்து காய்ச்சுறியா?"
என்றாள்.
"இரு" என்றேன்.

மின்சாரம் போனது.
அடுப்பின் சிவப்பு எண் போனது. தெருவும் போனது.
ஜெனோபியாவின் போன் நாலு சதவீதத்தில்
ஒருமுறை மின்னிவிட்டு அதுவும் போனது.
அவ்வளவுதான் என்று
டம்ளர்களைத் தடவிக் கவிழ்க்கப் போனேன்.

கல்லுக்கு மட்டும்
கரண்ட் போன சேதி போகவில்லை.

இருட்டுக்குள் முதலில் வாசம் வந்தது,
வெங்காயம் கொஞ்சம், காபி நிறைய.
பிறகு மெல்ல, கிழவன் கனைப்பதுபோல,
கொர்ர்.

டம்ளருக்குள் விரலை விட்டு
அளவு பார்த்து ஊற்றினேன்.
பால் திரிந்துவிட்டிருந்தது.
சர்க்கரை எங்கே என்று தெரியவில்லை.

ஜெனோபியா ஒரு வாய் குடித்தாள்.
காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
"ஐயோ, வேப்பெண்ணெய் தோத்துச்சு" என்றாள்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இன்னும் இருக்கா?"