சாம்பல் நிறப் பொத்தான்

மதியம் ஒன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டிபன் டப்பாவை இடப்பக்கம் திறந்து வைத்துக்கொண்டு
நான் ஒரு குகைக்குள் போவேன்.
லாரன்ஸ் ரோட்டில் நகைக்கடன் கிளை.
கவுண்டருக்கு இந்தப் பக்கம் உரைகல், தராசு, நான்.
குகையில் எனக்கு வேறு பெயர். கையில் கோடாரி.

முதல் வாரம் ஒன்றும் விளங்கவில்லை.
கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளினேன்:
ஓநாய்ப் பல் பதினேழு, உடைந்த விளக்கு,
எவனோ சமையல்காரனின் கரண்டி.
மூட்டை கனத்து நடை தளர்ந்தபோது
ஒரு நண்டு என்னைக் கொன்றது.
தேவனாம்பட்டினத்தில் பேரம் பேசி
நான் குழம்பு வைக்கும் அதே ஜாதி நண்டு.

பிறகு மெல்லப் பிடிபட்டது.
சிவப்புக் குப்பி குடித்தால் தீர்ந்துபோகும்,
அதனாலேயே குடிக்காமல் மூன்று முறை செத்தேன்.
கவசம் உடுத்தினால்தான் கவசம்,
பையில் கிடந்தால் வெறும் எடை.
ஓநாய்ப் பல் எத்தனை சேர்ந்தாலும்
ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடங்கும்.
சில மோதிரங்கள் மாட்டிய நொடியே பிணைந்துவிடும்,
தோழிக்குத் தரக்கூட வழியில்லை.
கரண்டியின் கீழே எழுதியிருந்தது: குப்பை. விற்க மட்டும்.
அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் அந்தச் சாவி.
துரு ஏறி, ஒரு பல் போனது.
காசுக்கு முடை. கடைக்காரக் குள்ளனிடம் நீட்டினேன்.
விற்பனைப் பொத்தான் சாம்பல் நிறமானது.
அழுத்திப் பார்த்தேன். கீழே எறியப் பார்த்தேன்.
விடவில்லை.
எந்தக் கதவுக்கு என்றும் சொல்லவில்லை.
எடை பூஜ்யம். விலைக்கு எதிரே ஒரு கோடு.

ரெண்டு மணி. ஷட்டர் மேலே.
முதுநகரிலிருந்து அஞ்சலாட்சி.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஒற்றைத் தோட்டை வைத்தாள்.

ஜோடி எங்கே என்றேன்.
"அது அவ காதுல இருக்குது."
யார் காது என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.

தேய்த்தேன். அமிலம் ஒரு சொட்டு.
கல்லுக்குக் கழித்து ஒன்றே முக்கால் கிராம்.
பொருள் வகை என்று கணினி கேட்டது.
தோடு என்றால் எண்ணிக்கை தானாக இரண்டு என்று விழுகிறது.
அழித்தேன். மறுபடி இரண்டு.
கடைசியில் 'இதர' என்று போட்டேன்.

சேமிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்து
ஒரு நொடி காத்திருந்தேன்,
நிறம் மாறுமென்று.
பச்சையாகவே இருந்தது.

பணத்தை ரெண்டு தரம் எண்ணினாள்.
தவணை எப்போது முடியுமென்று ரெண்டு தரம் கேட்டாள்.
விற்றும் விற்காத இப்படியொரு வகை
அந்தக் குகையில் இல்லை.
பன்னிரண்டு மாதம் இருக்கும்,
பிறகு ஏலத்தில் அதுவும் கரண்டிதான்.

படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.
"தனிக் கவருல போடும்மா.
வேற தோட்டோட சேந்துடப் போவுது."