ஐஸ் ஃபேக்டரிச் சுவர்

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிச் சுவரில்
மூன்று நாளாகத் துறைமுகம் வரைகிறாள் இமெல்டா.
கிரேன்களுக்குக் கொக்கின் கழுத்து.
சரக்குக் கப்பலின் புகைபோக்கியில்
லுங்கி காய்கிறது.
ஏலம் விடுவது ஒரு கடற்காகம், காதில் பென்சில்.
எதிரே குந்தியிருக்கும் ஆலாக்கள்
வஞ்சிரத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்கின்றன.

வலை பிரித்துக்கொண்டிருந்த தேசப்பன் எழுந்து வந்தார்.
"போட்டு சோக்கா கீது. நம்பர் எங்க?
நம்பர் இல்லேன்னா டீசல் மானியம் தரமாட்டான்மா."
எழுதினாள்.
அவர் சொன்னது அவர் போட்டு நம்பர்.

மறுநாள் மேகம் ஒன்று கூடியிருந்தது,
அவள் வரையாதது.
உபயதாரர்கள் கூரை விளிம்பில் வரிசையாக.
துடைக்கவில்லை;
சுற்றிலும் கொஞ்சம் நீலம் பூசினாள்.

கடைசிப் பறவைக்கு ஒரு கால் போட்டதும்
சிவப்பு தீர்ந்துபோனது.
ஞாயிற்றுக்கிழமை. பெயின்ட் கடை லீவு.
ஐஸ் பெட்டி தள்ளி வந்த நான் சொன்னேன்:
"அது ஒத்தக் கால்லதான் நிக்கும்.
இன்னொன்னு வயித்தாண்ட மடிச்சி வச்சிக்கும்."

நம்பாமல் திரும்பினாள்.
எதிர்ப் படகின் அணியத்தில் ஒன்று,
எங்களைப் பார்க்கவேயில்லை.
சுவரில் ஏலம் போகும் வஞ்சிரத்தையே
பார்த்துக்கொண்டிருந்தது,
ஒற்றைக் காலில்.